பெட்டி கத்தவில்லை

பஸ் சிங்காநல்லூரை விட்டு நகர்ந்த பிறகும் நாச்சிமுத்துவின் கட்டைவிரல் சட்டைப்பைக்குள் இருந்த லைட்டரை விடவில்லை. பீடி, சிகரெட் பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. ஒயர் ஒட்டிய இடத்தில் மாட்டுகிற ரப்பர் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்குவதற்கென்று வாங்கிய லைட்டர் அது. காலையில் சமையலறைச் சுவரில் தொங்கிய பெட்டிக்கு அடியில் அதைப் பிடித்து, நெருப்பு வராமல் வாயு மட்டும் வரும்படி அழுத்தினார். சும்மாதான் அழுத்தினார். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை வேலையில்லாமல் இருக்கிறதே என்று அழுத்தினார். கேஸ் கசிந்தால் கத்துவதற்காக அவரே செய்து மாட்டிய பெட்டி. பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மூக்கில் ஏறியது, கண் கரித்தது, கத்தவில்லை. கம்பியைச் செருகி லேப்டாப்பில் பார்த்தபோது சென்சார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கேஸ் பட்டதும் எண் மளமளவென்று ஏறியது. ஆனால் எந்த எண்ணைத் தாண்டினால் கத்த வேண்டும் என்று போர்டு தன் நினைவில் வைத்திருக்கிற வரம்பு, முந்நூறை ஒட்டி இருக்க வேண்டியது, அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து என்று இருந்தது. சென்சார் உயிரைக் கொடுத்து ஏறினாலும் ஆயிரத்துச் சொச்சத்தைத் தாண்டாது. வீடு முழுக்க கேஸ் நிரம்பினாலும் பச்சை விளக்கு எரியும். எல்லாம் நலம் என்று எரியும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, என் வீடுதானே, என் மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றுதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இதே பெட்டி, இதே போர்டு, இதே புரோகிராம், வடவள்ளியில் மருமகள் தேன்மொழி வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. தேன்மொழிக்கு வாசனை தெரியாது.

ஆட்டோ பிடித்திருக்கலாம். வாசலுக்கு வந்ததும் எதிரில் வடவள்ளி பஸ் நின்றது, யோசிக்காமல் ஏறிவிட்டார், இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்டோ பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. போனை எடுத்துப் பார்த்தார். தேன்மொழிக்கு அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக். நீலமாகவில்லை. அடுப்பைப் பற்ற வைக்காதே, ஜன்னலைத் திற, நான் வருகிறேன் என்று அனுப்பியிருந்தார். இரண்டு டிக் என்றால் போன் உயிரோடு இருக்கிறது. போன் உயிரோடு இருந்தால் போன் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அந்த எண்ணத்தை அப்படியே கையால் தள்ளுகிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டார். மணி போகிறது, போகிறது, எடுப்பதில்லை. கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கிறார் என்று போன வாரமே சொன்னாள். அவள் அப்பா வீடு பொள்ளாச்சியில். அவள் புருஷன் கதிர் மஸ்கட்டில். மகனைக் கூப்பிட்டு என்ன சொல்வது? அங்கிருந்து அவனால் என்ன செய்ய முடியும், வேலை செய்கிற இடத்தில் தவித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். தீயணைப்பு ஆட்களைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தார். ஐயா, நான் செய்த பெட்டி ஒன்று கத்தாமல் இருக்கிறது, அதனால் வண்டியோடு வாருங்கள் என்றா? கசிந்ததா என்றால் தெரியாது. வாசம் வந்ததா என்றால், அங்கே மூக்குள்ள ஆள் யாரும் இல்லை. ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு தேன்மொழிக்கு எல்லாம் திரும்பி வந்தது, பசி வந்தது, தூக்கம் வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை. மல்லிகைப் பூவை முகத்தில் வைத்துக்கொண்டு, ஈரத்துணி மாதிரி இருக்குதுங்க அத்தை என்றாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் மனைவி மயிலாத்தாள் இந்தப் பக்கம் வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மயிலாவின் மூக்கு அப்படிப்பட்டது. மூன்று வீடு தள்ளிப் பால் பொங்கினால் இவளுக்குத் தெரியும். பக்கத்துக் காம்பவுண்டில் சிலிண்டர் வாஷர் போய், யாருக்கும் தெரியாமல் இருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே ஓடிப் போய்க் கதவைத் தட்டினாள். ஏனுங்க, நம்ம வீட்டுக்குப் பெட்டி எதுக்குங்க, நான் இருக்கறப்ப, என்று கேட்டவள். அவள் கண்ணை மூடிய பிறகுதான் அவர் இந்த போர்டு, சென்சார் எல்லாம் வாங்கினார். மில் ஸ்டோரில் முப்பது வருஷத்துக்கு மேல் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்த கைக்கு இந்தச் சின்னச் சாமான்கள் புதுசு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு, அதற்குள் ஒரு மூளை, ஒரு நினைவு. வீடியோ பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தானாகவே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

ராமநாதபுரத்தில் சிக்னல். பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முதலில் செய்த பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, அதிகமாகவே வேலை செய்தது, அதுதான் வம்பு. தேன்மொழி கடுகு தாளித்தால் கத்தும். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் கத்தும். பெருங்காயத்துக்கு உயிர் போகிற மாதிரி கத்தும். மாமா, இது கேஸ் கண்டுபிடிக்கற பெட்டிங்களா, சமையல் கண்டுபிடிக்கற பெட்டிங்களா, என்று சிரித்தாள். வெளிநாட்டுச் சமையலறையில் செய்து பார்த்து எழுதிய எண்கள் நம் ஊர் வாணலிக்கு எப்படிப் பொருந்தும்? அதனால்தான் அவர் புரோகிராமை மாற்றினார். பெட்டி அந்தச் சமையலறையின் காற்றைத் தானே பழகிக்கொள்ளட்டும், எது வழக்கமான புகை, எது ஆபத்து என்று தெரிந்துகொள்ளட்டும், தெரிந்ததை நிமிஷத்துக்கு ஒருமுறை நினைவில் எழுதி வைக்கட்டும். கரண்ட் போய் வந்தாலும் மறக்கக் கூடாது அல்லவா? மறக்கக் கூடாது, மறக்கக் கூடாது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுத வைத்தார். அதுதான் தப்பு. ஃப்ளாஷ் மெமரியில் எழுதுவது சிலேட்டில் எழுதுவது மாதிரி இல்லை என்று எங்கோ கேட்டிருந்தார், காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. தேன்மொழி ஆரி வேலை செய்கிறவள். ரவிக்கையில் பூவேலை போட, முதலில் காகிதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் படம் எடுப்பாள், அந்தத் துளைகள் வழியாகப் பொடி இறங்கித் துணியில் கோலம் விழும். குத்தின துளையைத் திரும்ப அடைக்க முடியாது. ஒரு இதழ் தப்பாகப் போனாலும் புதுக் காகிதம்தான். ஃப்ளாஷும் அதுதான். எழுதுவது என்றால் துளை போடுவது. ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பக்கம் முழுவதையும் அழித்துத் துளையில்லாத காகிதமாக்கி மறுபடி குத்த வேண்டும். அப்படி அழித்து அழித்துக் குத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் காகிதம் நைந்துபோகும், குத்தினால் நிற்காது. துளையில்லாத காகிதத்தைப் போர்டு படித்தால் வருகிற எண்தான் அந்த அறுபத்தைந்தாயிரம். ஒன்றுமே எழுதாத பக்கம் பூஜ்யமாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பூஜ்யமாக இருந்திருந்தால் பெட்டி ஓயாமல் கத்தியிருக்கும், யாராவது எரிச்சலோடு கூப்பிட்டிருப்பார்கள். வெறுமை உச்சமாக நிற்கிறது. எல்லாவற்றையும் மறந்துவிட்ட பெட்டி, எதற்கும் கவலைப்படாத பெட்டி. இணையத்தில் அவர் எடுத்த அந்தப் புரோகிராமுக்குக் கீழேயே, இப்படி ஓயாமல் எழுத வைக்காதீர்கள், நினைவு தேய்ந்துவிடும் என்று யாரோ ஒருவர் எழுதியிருந்ததை இன்று காலையில்தான் படித்தார். போதாததற்கு வடவள்ளியில் அடிக்கடி கரண்ட் போகும். அழித்த நொடிக்கும் எழுதுகிற நொடிக்கும் நடுவில் கரண்ட் போனால் அப்போதே எல்லாம் போச்சு. தேய வேண்டியதுகூட இல்லை. அவருடைய பெட்டி எத்தனை நாளாக ஊமையாக இருந்தது? தெரியாது. அவளுடையது? அது கத்தவில்லை என்று அவரும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார். இப்பெல்லாம் கத்தறதில்லையா தேனு, என்று போனில் கேட்டதற்கு, இல்லைங்க மாமா, நல்லா இருக்குதுங்க, என்றாள். பெட்டி அவள் சமையலைப் பழகிக்கொண்டது என்று அன்றைக்கு ராத்திரி இன்னொரு தோசை சாப்பிட்டார்.

“ஏனுங்க, உங்களுக்குக் கேஸ் வாசம் வருதுங்களா?”

முன் சீட்டில் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள். நாச்சிமுத்து சட்டென்று நிமிர்ந்தார். மனசுக்குள் ஓடுவதை வெளியே சொல்லிவிட்டோமா, அல்லது வடவள்ளியில் கசிவது இங்கே வரை வந்துவிட்டதா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், உண்மையாகவே நினைத்தார். பக்கத்துப் பெண் மூக்கைச் சுருக்கினாள். “ஆமாங்க்கா, பின்னாடி இருந்து வருதுங்க.” நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து நின்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “யாருங்க அது, அடுப்பு சிலிண்டர் ஏத்திட்டு வந்தது?” அப்போதுதான் நாச்சிமுத்துவின் கட்டைவிரலுக்குத் தான் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. லைட்டரை இத்தனை நேரமும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. விரலை எடுத்தார். லைட்டரைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“ஏனுங்க பெரியவரே, பஸ்ஸக் கொளுத்தறதுக்குன்னே டிக்கெட் எடுத்தீங்களா?”

“தெரியாம அழுத்திட்டனுங்க.”

“பாக்கெட்டுக்குள்ள தெரியாம அழுத்துவாங்களா? பீடி பிடிக்கோணும்னா எறங்கிப் போயி நல்லாப் பிடிங்க சாமி.”

எல்லோரும் சிரித்தார்கள். கூடை அம்மாள் மட்டும், பாவம் விடுங்க, வயசாச்சு, என்றாள். அவருக்கு அவள் மூக்கின் மேல் ஒரு பொறாமை வந்தது. இந்த அம்மாள் வடவள்ளியில் இறங்குகிறாளா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அம்மணி, கூட வாங்க, ஒரு வீட்டு வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சிட்டுப் போங்க. கேட்கவில்லை. அவள் சுங்கத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

டவுன்ஹால் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தார். கூப்பிட்டதற்குத் திரும்ப அழைப்பு இல்லை. திரையின் மூலையில் இரண்டு சிம்மின் கோடுகள். இரண்டாவது மயிலாவுடையது. அவள் போன பிறகு அந்த நம்பரை விட மனசில்லை, தன் போனிலேயே போட்டு, மாசாமாசம் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறார். எதற்கு என்று கதிர் ஒருமுறை கேட்டான், பாங்க்கு மெசேஜ் வரும் என்று ஏதோ சொன்னார். அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடுவதில்லை, தேன்மொழியைத் தவிர. சமையல் நேரம் முடிகிற வேளையில் அந்த நம்பருக்கு ஒரு மணி வரும், சைக்கிள் பெல் மாதிரி மயிலா வைத்துக்கொண்ட சத்தம், அவர் எடுப்பதற்குள் நின்றுவிடும். அவர் தன் நம்பரிலிருந்து திரும்பக் கூப்பிடுவார். சில நாள் எடுப்பாள், ஒண்ணுமில்லைங்க மாமா, சும்மாதானுங்க, என்பாள். சில நாள் எடுக்கமாட்டாள். மாமா என்று அழுத்துவதற்குப் பதிலாக அத்தை என்று விரல் போய்விடுகிறது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார். அப்புறம், பாவம், தனியாக இருக்கிற பெண், அத்தை ஞாபகத்தில் கூப்பிட்டுவிட்டுச் சட்டென்று வைத்துவிடுகிறாள் என்று நினைத்தார். அதைப் பற்றி அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் இரண்டு பேரும் அழ வேண்டியிருக்கும். இன்றைக்கு அந்த மணி வரவில்லை. இவ்வளவு நேரம் பெட்டி, வரம்பு, தேய்ந்த நினைவு என்று சுற்றிக்கொண்டிருந்த மனசு இப்போது அதில் போய் மாட்டிக்கொண்டது. இந்நேரம் வந்திருக்க வேண்டும். நெரிசலில் கேட்காமல் போயிருக்குமா என்று பட்டியலைப் பார்த்தார். நேற்று வந்தது இருக்கிறது. முந்தாநாள் வந்தது இருக்கிறது. இன்று இல்லை. இல்லை என்பதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? பெட்டி கத்தாதது நலம் என்று எடுத்துக்கொண்டவர் மணி வராததை என்னவென்று எடுத்துக்கொள்வது? மயிலா இருந்தவரை, ஊருக்குப் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விடச் சொல்வாள், காசு ஆகாது, பேச வேண்டாம், ஒரு ரிங் போதும். அவர் மறந்துவிடுவார். மறந்துவிட்டுத் திரும்பி வந்து, ஏதாவது ஆகியிருந்தா சொல்லியிருப்பாங்கல்ல, என்று எகிறுவார். ஆகியிருந்தால் சொல்லத்தான் நாலு பேர் இருக்காங்களே, ஆகலைன்னு யாருங்க சொல்றது, என்று கேட்டாள். அப்போது அதைப் பொம்பளைப் பேச்சு என்று விட்டார். ஆர்.எஸ்.புரம் தாண்டியது. லாலி ரோட்டில் வேளாண்மைக் கல்லூரி மரங்கள் வந்தன, நிழல் முகத்தில் விழுந்து விழுந்து போனது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும், திருகு திறந்தே இருக்கும். பக்கத்து அறையில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தலையைக் குனிந்து, ஊசியை மேலே கீழே இழுத்துக்கொண்டிருப்பாள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாக வரும், தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவளைத்தான் முதலில் தொடும். தலை லேசாகச் சுற்றும், சாப்பிடாததால் என்று நினைப்பாள். எழுந்து சமையலறைக்குப் போவாள். அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்துப் பற்ற வைக்க. இல்லை. இல்லை. பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், அதை நிமிர்ந்து ஒருமுறை பார்ப்பாள், மாமா செய்து கொடுத்த பெட்டி பச்சை காட்டுகிறது என்று. அந்த இடத்துக்கு வந்ததும் மனசு திரும்பி முதலிலிருந்து, பால் பொங்குவதிலிருந்து ஆரம்பித்தது.

வடவள்ளியில் இறங்கியதும் ஓட முடியவில்லை, ஓடுகிற மாதிரி நடந்தார். செருப்பு வார் பெருவிரலைக் கடித்தது. அவள் வீடு மாடியில், வெளிப்பக்கப் படி. கீழ்வீடு பூட்டியிருந்தது. படியில் கால் வைத்ததும் வாசம் வந்தது. கேஸ். சந்தேகமில்லை, அழுகின வெங்காயம் மாதிரி அதே வாசம். ஒரு படி ஏறினார், வந்தது. இன்னொரு படி ஏறினார், வந்தது. இது படியில் வருகிறதா, அல்லது என் சட்டைப்பையிலிருந்து வருகிறதா? வழி முழுக்க அழுத்திக்கொண்டு வந்த லைட்டர், சட்டை, விரல், எல்லாம் அதே வாசம்தான். லைட்டரைக் கீழே மதில் ஓரத்துச் செடிக்குள் எறிந்தார். விரலை வேட்டியில் துடைத்து மோந்து பார்த்தார். விரலில் வந்தது. நிமிர்ந்து காற்றை இழுத்தார். வந்தது, வரவில்லை, வந்தது. இந்த மூக்கை இனி நம்ப முடியாது, மயிலா, நானே கெடுத்துவிட்டேன். கதவுக்கு வந்ததும் கை காலிங் பெல்லுக்குப் போய்ப் பாதியில் நின்றது. பெல் சுவிட்சுக்குள் பொறி தெறிக்கும். உள்ளே நிரம்பியிருந்தால் அந்த ஒரு பொறி போதும். கையை இழுத்துக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தட்டினார். தேனு. தேனு. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம். உயிரோடு இருக்கிறாள் என்று நெஞ்சு ஒருமுறை பொங்கி, உடனே அடங்கியது, மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் ஓயாமல் பொறி விட்டுக்கொண்டே இருக்கும், அவருக்குத் தெரியாதா, மில்லில் எத்தனை பிரஷ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். “தேனு, மிக்ஸிய நிறுத்து!” என்று கத்தினார். மிக்ஸி நின்றது. நிறுத்தும்போதும் சுவிட்சில் பொறி வருமே என்று அதன் பிறகுதான் தோன்றியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கதவு திறந்தது.

“என்னங்க மாமா! பெல்லு இருக்குதல்லங்க, கதவ ஒடைக்கறீங்க?”

நைட்டியின் தோளில் ஜரிகை நூல், நெற்றியில் வேர்வை, கையில் தேங்காய் ஒட்டிய கரண்டி. அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீலமாக, அடக்கமாக, ஒரு குண்டாவுக்கு அடியில். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீயையே பார்த்தார்.

“போன் ஏன் எடுக்கல?”

“சைலண்ட்ல போட்டுக் கவுத்து வெச்சுட்டனுங்க. நாளைக்கு முகூர்த்தம், பொண்ணோட அம்மா ரவிக்கை ஆச்சா ரவிக்கை ஆச்சான்னு காலையில இருந்து உசுர வாங்கறாங்க. சமைக்கறதுக்கே இப்பத்தானுங்க வந்தேன். உக்காருங்க மாமா, முகமெல்லாம் வெளுத்திருக்குது. என்னாச்சுங்க?”

அவர் சுவரைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பெட்டி செருகியிருந்த பிளக்கில் மிக்ஸி ஒயர். தேன்மொழி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள், கரண்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க மாத்திக் குடுத்துட்டுப் போன மறுநாளே கத்துச்சுங்க. அதுக்கடுத்த நாளும். பக்கத்து வீட்டுல வேற சத்தம் போட்டாங்க. எடுத்து வெச்சுட்டேன். உங்ககிட்டச் சொல்ல மனசு வரலீங்க. ராவும் பகலும் உக்காந்து பண்ணுனது.”

பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, ரப்பர் பாண்ட் மாட்டி, பத்திரமாக வைத்திருந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கோபம் வரும் என்று அவரும் எதிர்பார்த்தார், வரவில்லை. இத்தனை நாள் இந்த வீட்டில் காவலே இல்லை, அது ஒரு பயம். இத்தனை நாள் கரண்டே இல்லாமல் இருந்ததால் இது ஒரு எழுத்துகூட எழுதியிருக்காது, ஒரு பக்கம்கூடத் தேய்ந்திருக்காது, அது ஒரு நிம்மதி. இரண்டில் எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை. மிக்ஸி ஒயரை உருவிவிட்டுப் பெட்டியைச் செருகினார். பச்சை எரிந்தது. பச்சையை அவர் நம்பவில்லை. சென்சார் சூடேறும்வரை அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நின்றார்.

“லைட்டர் இருக்கா தேனு?” என்று கேட்டவர், கேட்டவுடனே, “வேண்டாம், அடுப்பு எரியுது,” என்றார்.

“என்னங்க மாமா பாக்கோணும் இப்ப? நான் தாளிச்சாப் போதாதுங்களா?”

வாணலியை வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டாள், கருவேப்பிலை சடசடவென்றது. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூச்சை விடவில்லை. புகை மெதுவாக எழுந்து பெட்டியின் சல்லடையைத் தொட்டது, பச்சை சிவப்பாக மாறியது, பெட்டி கத்தியது. சமையலறை பாத்திரமெல்லாம் அதிர்கிற மாதிரி, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற மாதிரி கத்தியது. தேன்மொழி காதைப் பொத்திக்கொண்டு, “பாத்தீங்களா மாமா, இதுக்குத்தானுங்க, இதுக்குத்தான்!” என்று கத்தினாள். அவர் நிறுத்தாமல் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். மறக்கவில்லை. கவருக்குள் இருட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால், கரண்ட் இல்லாமல் கிடந்தும் முந்நூறை மறக்கவில்லை. பிளக்கை உருவியபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, மிளகாய்க் கமறல் என்று அவளும் எடுத்துக்கொண்டாள். தும்மிக்கொண்டே நடந்ததைச் சொன்னார், தன் வீட்டுப் பெட்டி ஊமையானதை, நிமிஷத்துக்கு ஒருமுறை எழுத வைத்ததை. ஊசியால் குத்தின காகிதம் மாதிரி என்றதும் அவளுக்கு உடனே பிடிபட்டது. “அட, நைஞ்சு போச்சுங்களா!” என்றாள்.

“மாத்திடறேன். எப்பவாச்சும் மாறினா மட்டும் எழுதட்டும். அப்புறம், சும்மா இருக்கறப்பவும் நடுநடுவுல சின்னதா ஒரு சத்தம் குடுக்கோணும். நல்லாருக்கேன்னு. அது நின்னா உடனே எனக்குச் சொல்லு.”

“சரிங்க மாமா.”

தாளித்ததைக் குழம்பில் கொட்டி மூடினாள். அடுப்புத் திருகை மூடினாள். குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரையும் டக்கென்று திருப்பினாள். முந்தானை இல்லாததால் நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்து, பார்க்காமலே எதையோ அழுத்திக் காதில் வைக்காமல் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் சைக்கிள் பெல் அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. அவள் விரல் அதை நிறுத்தியது. நிறுத்திய பிறகுதான் யார் எதிரில் நிற்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

போனை மறுபடி மேடை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“அத்தை சொன்னதுங்க மாமா,” என்றாள். குரல் சின்னதாக இருந்தது. “எனக்கு மூக்குப் போனப்ப. சிலிண்டர மூடுனதும் ஒரு ரிங் விடு தேனு, நான் இங்கிருந்தே மோந்து பாத்துக்கறேன்னாங்க. பெருங்காயம் போட்டியா இல்லையான்னுகூடச் சொல்லிருவேன்னாங்க. பழகிப் போச்சுங்க. அந்த நம்பர் உங்ககிட்டத்தான் இருக்கும்னு தெரியும். நீங்க ஒவ்வொரு தடவையும் திரும்பக் கூப்பிடறப்ப, என்ன சொல்றதுன்னு தெரியாம…”

அவர் போனை எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். இன்னும் மெல்ல, முழுசாக இழுத்தார். விரலில் இருந்த லைட்டர் வாசம் முதலில் வந்தது, அதை ஒதுக்கினார். கருகின மிளகாய் வந்தது. கருவேப்பிலை வந்தது, தேங்காய் வந்தது, புளி வந்தது. கேஸ் இல்லை. இன்னொருமுறை தேடினார். இல்லை.

“பெருங்காயம் போடல நீ,” என்றார்.

தேன்மொழி நாக்கைக் கடித்துக்கொண்டு மேல் தட்டில் டப்பாவைத் தேடினாள்.